பழைய பெட்ரோல் வண்டியின் வெடிச்சத்தமும் பரிகாரமும்

(புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பகுதியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில், மோட்டார் வண்டிகளைச் செப்பனிடும் தொழிலில் நெடுநாள் பழகிய ஒருவர் ஆற்றிய உரை.)



நான் மேடைப் பேச்சாளன் அல்லன். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை ஒலிபெருக்கியைப் பிடிக்கக் கூசுகின்றது. ஆயினும், "வண்டி ஏன் வெடிக்கிறது என்பதை நீங்களே வந்து சொல்லுங்கள், வாரம் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டு வருகிறார்" என்று உங்கள் தலைவர் வற்புறுத்தியதனால் வந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துகொள்வேன்.

வாயிலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெரும்பாலானவை டீசல் வண்டிகள். டீசல் எஞ்சினில் பொறி பாய்ச்சும் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளுகிறது. ஆகவே டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது பொருந்தாது. ஆனால் வேப்பமரத்தடியில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் நிற்கிறது. பின்புறத்தை அறுத்துப் பலகை அடித்துச் சாமான் வண்டியாக்கியிருக்கிறார்கள். அத்தகைய வண்டிகள் நம் பக்கத்தில் இன்னும் சில ஓடுகின்றன. அவற்றுக்காகத்தான் இப்பேச்சு. தெளிப்பான், களையெடுக்கும் கருவி, சிறு நீரிறைக்கும் எஞ்சின் ஆகியவற்றிலும் பிளக் இருப்பதால், அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் ஓரளவு பயன்படும்.

அந்த ஜீப்பைப் பார்த்தவுடன் எனக்கு ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கப்பெற்றது. அதன்பின் வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப் கிராமங்களுக்குள் வரலாயிற்று. மாட்டு வண்டித் தடத்தைத் தவிர வேறு பாதையறியாத ஊர்களுக்கு முதன்முதல் வந்த மோட்டார் வண்டி பெரும்பாலும் அதுவே. மகிந்திரா நிறுவனத்தார் 1947 முதல் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளை வரவழைத்துப் பம்பாயில் பூட்டி விற்றனர். பின்னர் இங்கேயே செய்யவும் தொடங்கினர். இரண்டேகால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய பெட்ரோல் எஞ்சின் அது. அரசுப் பணியில் உழைத்து ஓய்ந்தபின் அவ்வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் எடுத்தவர்கள் அவற்றைத் தேங்காய்க்கும் வாழைத்தாருக்கும் பலாப்பழத்துக்கும் பயன்படுத்தினார்கள். அவ்வாறு எடுக்கப்பட்ட ஒரு வண்டியில்தான் நான் சிறுவனாக இத்தொழிலைக் கற்றேன். கற்றதற்கு அடையாளமாக இதோ, என் வலக்கையில் இந்தத் தழும்பு இருக்கிறது. அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். பிஸ்டன் கீழிறங்கும்போது கார்புரேட்டர் வழியாகக் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலேறி அக்கலவையை அழுத்துகிறது. அது உச்சியை அடைவதற்குச் சற்று முன்பாகப் பிளக்கில் பொறி பாய வேண்டும். கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிறகு எரிந்த புகை சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. இந்நான்கும் முறை தவறாமல் நடக்கும்வரை எஞ்சின் அமைதியாக ஓடும். நெருப்பு எரியவேண்டிய இடம் சிலிண்டர். எரியவேண்டிய நேரம் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நேரம். இடம் மாறியோ நேரம் மாறியோ நெருப்பு எரிந்தால், அதுவே நாம் கேட்கும் வெடிச்சத்தம்.

பொறி எங்கிருந்து வருகிறது? பேட்டரியிலுள்ள 12 வோல்ட்டுக்குப் பொறி தாண்டும் ஆற்றல் இல்லை. இன்னும் பழைய வண்டிகளில் 6 வோல்ட்டுதான். அந்த மின்சாரம் காயிலின் தடித்த சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டு என்னும் சிறு கதவு திடீரெனத் திறந்து அதைத் துண்டிக்கிறது. துண்டித்த அக்கணத்தில் காயிலின் மெல்லிய சுற்றில் பதினையாயிரம், இருபதினாயிரம் வோல்ட் எழுகிறது. அதை ரோட்டார் வாங்கி, மூடியிலுள்ள முனைகளின் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பங்கிட்டுக் கொடுக்கிறது. பாயிண்டு திறக்கும்போது அதன் வாயிலேயே பொறி பறந்து வீணாகாமல் காப்பது, கட்டைவிரல் பருமனே உள்ள கண்டன்சர். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்பொழுது பாயிண்டு 6,000 முறை திறந்து மூடுகிறது. ஒரு நொடிக்கு நூறு தடவை! அவ்வளவு உழைக்கும் உறுப்பை ஆண்டுக்கொருமுறை கூடத் திறந்து பாராமல், வண்டி வெடிக்கிறதே என்று வருந்துவதில் பயனில்லை. பேட்டரியையும் காயிலையும் கொண்டு பொறி உண்டாக்கும் இம்முறையை வகுத்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1910-ஆம் ஆண்டளவில் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. பல பத்தாண்டுகள் உலகெங்கும் இதே முறைதான் நடப்பிலிருந்தது.

இனி நோய்க்கு வருவோம். வண்டி வெடிக்கிறது என்று ஒருவர் வந்தால் நான் அவரிடம் முதலில் கேட்கும் கேள்வி, "முன்னால் வெடிக்கிறதா, பின்னால் வெடிக்கிறதா?" என்பதுதான். பலர் விழிப்பார்கள். முன்னால் என்றால் கார்புரேட்டரின் வாயில். பின்னால் என்றால் சைலன்சரில். இரண்டும் வெவ்வேறு நோய்கள். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சூரணம் கொடுக்கலாகாது அல்லவா?

கார்புரேட்டர் வாயில் 'பட், பட்' என்று இருமுவது போல ஒலி வந்தால், உள்ளே வரும் கதவான இன்லெட் வால்வு திறக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் நெருப்பு இருக்கிறது என்று பொருள். பொறி தவறான சிலிண்டருக்குப் போயிருக்கலாம். பொறி மிகவும் பிந்தியிருக்கலாம். அல்லது கலவையில் பெட்ரோல் குறைந்து, காற்று மிகுந்து, நெருப்பு மெதுவாக எரிந்து, அடுத்த கலவை உள்ளே வரும்வரை அணையாமல் இருந்திருக்கலாம். வால்வே சரியாக மூடாமற் போவதும் உண்டு.

சைலன்சரில் 'டமார்' என்று துப்பாக்கி சுட்டாற்போல வெடித்தால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பொறி விழாமல், எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சருக்குப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள சூட்டில் பற்றிக்கொள்ளுகிறது. ஆக்சிலேட்டரை விட்டவுடன் இறக்கத்தில் மட்டும் வெடித்தால், சைலன்சர்க் குழாயின் இணைப்பில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று உட்புகுகிறதா என்று பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி, இறக்கத்தில் சாவியை அணைத்துவிட்டு, சமதரைக்கு வந்ததும் மீண்டும் போடுகிற ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அணைத்திருந்த நேரமெல்லாம் சுற்றிய எஞ்சின், எரியாத பெட்ரோலைச் சைலன்சரில் நிரப்பி வைத்திருக்கும். சாவியைப் போட்டதும் அது வெடிக்கும். சைலன்சரே பிளந்துபோன வண்டியை நான் பார்த்திருக்கிறேன். மிச்சம் பிடித்த பெட்ரோலின் விலையோ கால் சைலன்சருக்குக் கூடக் காணாது.

இப்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். கீரமங்கலம் பக்கத்தில் பூ விவசாயம் செய்யும் ஒருவர் இப்படிப்பட்ட ஒரு வண்டி வைத்திருந்தார். மல்லிகையும் முல்லையும் காக்கரட்டானும் விடியுமுன் பறித்து, காலையிலேயே பூக்கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெயில் ஏறினால் பூ வாடும். பூ வாடினால் விலையும் வாடும். தம் பூவோடு அக்கம்பக்கத்துக் கொல்லைகளின் பூவையும் அவரே ஏற்றிச் செல்வார். ஒருநாள் வழியில் வண்டி இருமத் தொடங்கியது. பிறகு சைலன்சரிலும் வெடித்தது. தள்ளிக்கொண்டுபோய் ஒரு பட்டறையில் விட்டார். "கார்புரேட்டர் போய்விட்டது" என்றார்கள். மாற்றினார். இரண்டு நாள் ஓடி மறுபடியும் வெடித்தது. "பெட்ரோல் பம்பு" என்றார்கள். அதையும் மாற்றினார். மூன்றாம் முறை வெடித்தபோது வண்டியிலிருந்த பூ முழுவதும் சாலையோரத்திலேயே வாடிப்போயிற்று. பக்கத்துக் கொல்லைக்காரர்களுக்கு அவரே கைப்பொருளைக் கொடுக்கும்படி ஆயிற்று. அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் பூவை வேறு வண்டியில் ஏற்றினார்கள்.

அதன்பிறகு என்னிடம் வந்து, "அண்ணே, இதை எடைக்குப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். பாயிண்டின் முகம் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தது. கண்டன்சர் செத்துப்போனால் பாயிண்டு அப்படித்தான் கருகும். ஒயரைப் பிடித்துப் பார்த்தேன். பொறி மெலிந்து மஞ்சளாக இருந்தது. பாயிண்டும் கண்டன்சரும் மாற்றினோம். இரண்டுக்கும் சேர்ந்து ஆன செலவு, அவர் வாங்கிய கார்புரேட்டரின் விலையில் மிகச் சிறு பங்கு. பூட்டி முடித்தவுடன் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. "இதை முதல் நாளே பார்த்திருக்கலாமே!" என்றார். அவர் சொன்னது சரிதான். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இப்படி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. கார்புரேட்டர் வாயில் சத்தம் வருவதனால் கார்புரேட்டரே குற்றவாளி என்று எண்ணிவிடுகிறோம். வாசலில் புகை வந்தால் வாசற்படியா எரிகிறது? அடுப்பைப் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் மேல் சுமத்தப்படும் குற்றங்களில் பெரும்பாலானவை பொறியின் குற்றங்கள் என்பது என் அனுபவம். ஆகையால் பொறியை முதலில் பார்த்து, அது சரியென்று தெரிந்த பிறகே பெட்ரோல் பக்கம் போகவேண்டும். இம்முறையை மாற்றாதீர்கள்.

பொறியைப் பார்ப்பது எளிது. ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, காய்ந்த மரக்கவ்வியினால் பிடித்து, எஞ்சினின் இரும்பிலிருந்து கால் அங்குல தூரத்தில் வைத்து, ஒருவரை எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கக்கூடாது. நீலமாக, 'சட்' என்ற ஒலியோடு தாண்டினால் பொறி நன்று. மஞ்சளாக, நூல்போல் வந்தால் பாயிண்டு, கண்டன்சர், காயில், பேட்டரியின் இணைப்பு இவற்றுள் ஒன்று கெட்டிருக்கிறது. பேட்டரியின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைச் சுரண்டாமலே காயிலை மாற்றியவர்கள் உண்டு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றினால் இது விரைவில் பூக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக முடுக்கி, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பேட்டரியிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து எஞ்சினுக்கும் போகிற எர்த் ஒயரையும் அவ்வாறே செய்யுங்கள்.

பாயிண்டின் இடைவெளி மிக முக்கியம். லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரானால், பாயிண்டு முழுதும் திறந்திருக்கும்போது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். பழைய வில்லிஸ் வண்டியோடு வந்த ஆட்டோலைட் வகைக்கு ஏறத்தாழ 0.50 மில்லிமீட்டர். பிளக்கின் இடைவெளி இந்த ஜீப்புக்கு 0.75 மில்லிமீட்டர் அளவு. பிளேடை வைத்துப் பார்ப்பதும், அட்டைத் துண்டை வைத்துப் பார்ப்பதும் வேண்டாம். ஃபீலர் கேஜ் என்னும் தகட்டுக் கட்டு எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். ஊருக்கு ஒன்று இருந்தால்கூடப் போதும். கடப்பாரையை இரவல் வாங்குவதில்லையா? அப்படி வாங்கிக்கொள்ளலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளிருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அது தேய்ந்த பிறகு, நீங்கள் வைக்கும் இடைவெளி ஒரு சிலிண்டருக்கு ஒரு விதமாகவும் இன்னொன்றுக்கு வேறு விதமாகவும் போகும். எத்தனை புதுப் பாயிண்டு போட்டாலும் வண்டி தடுமாறிக்கொண்டே இருக்கும்.

மூடியையும் ரோட்டாரையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மூடியின் உட்புறம் ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்குப் பென்சிலால் கோடு கிழித்தாற்போல மெல்லிய கருங்கோடு இருந்தால், பொறி அவ்வழியே திருட்டுத்தனமாக வேறு சிலிண்டருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கார்புரேட்டர் வாயில் வெடிப்பதற்கு இது முக்கியமான காரணம். அம்மூடியைச் சுரண்டி மீண்டும் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரத்தினாலும் இவ்வாறு நேரும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் இம்மாவட்டத்தை அடித்துச் சென்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தென்னையும் பலாவும் சாய்ந்து, மின்சாரம் நின்று, குடிநீருக்கே அலைந்த நாட்கள் அவை. தண்ணீர்க் குடங்களை ஏற்றிவர ஊரிலிருந்த பழைய வண்டிகளையெல்லாம் கிளப்பினார்கள். அப்போது நான் பார்த்த நான்கைந்து வண்டிகளுக்கு நோய் ஒன்றே: மூடிக்குள் நீர். உலர்ந்த துணியால் துடைத்து, சற்று நேரம் வெயிலில் வைத்தோம். அவ்வளவே வைத்தியம்.

ஒயர்களின் வரிசையைப்பற்றியும் சொல்லவேண்டும். இந்த எஞ்சினில் பொறி விழும் முறை 1, 3, 4, 2 என்பது. பிளக்கைச் சுத்தம் செய்வதற்காக நான்கு ஒயர்களையும் ஒரே நேரத்தில் கழற்றி, பூட்டும்போது இரண்டை மாற்றிப் பூட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்பொழுது வண்டி கிளம்பாது, அல்லது கிளம்பிப் பீரங்கி வெடிக்கும். ஒன்றைக் கழற்றி, சுத்தம் செய்து, பூட்டிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். ஒயரில் சுண்ணாம்பினால் எண் போட்டு வைப்பது இன்னும் நல்லது.

டைமிங் என்பதைக் கேட்டுப் பலர் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை. இந்த ஜீப் எஞ்சினில் முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 பாகை முன்பாகப் பாயிண்டு திறக்கவேண்டும். அதற்கான குறி எஞ்சினிலேயே வெட்டப்பட்டிருக்கும். முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் குறியைக் குறிக்கு நேராக நிறுத்துங்கள். ஒரு சிறு பல்பின் ஒரு முனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும், மறு முனையை எஞ்சினின் இரும்பிலும் வைத்துச் சாவியைப் போடுங்கள். பாயிண்டு மூடியிருக்கும்வரை பல்பு எரியாது. திறந்த கணத்தில் எரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை மெல்லத் திருப்பி, பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி முடுக்குங்கள். ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். பிந்தினால் கார்புரேட்டரிலும் சைலன்சரிலும் வெடிக்கும், எஞ்சின் சூடேறும், இழுவை குறையும். மிகவும் முந்தினாலோ ஏற்றத்தில் எஞ்சின் 'கடகட' என்று தட்டும். கைப்பிடி போட்டுச் சுற்றும்போது பின்னடித்து மணிக்கட்டையும் ஒடிக்கும். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலாக இழுங்கள். மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். பெரியவர்கள் இதை அறிவார்கள். இக்காலத்துப் பிள்ளைகள் கைப்பிடியையே பார்த்ததில்லை, அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ரோட்டாரைக் கையால் அது சுற்றும் பக்கமாகத் திருப்பி விடுங்கள். வில் இழுத்தாற்போலத் தானே பழைய இடத்துக்குத் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் உள்ளிருக்கும் எடைக்கட்டிகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேகம் கூடும்போது பொறியை முந்தச் செய்வது அவற்றின் வேலை. நெடுநாள் கொட்டகையில் கிடந்த வண்டிகளில் இந்நோயைக் காணலாம்.

பொறி சரியானபின் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள். பிஸ்கோத்து நிறமாக இருந்தால் கலவை சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது சோக் முழுதும் திறக்கவில்லை, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. நம் செம்மண் சாலைகளின் புழுதிக்கு அவ்வடிகட்டியை அடிக்கடி கவனிக்கவேண்டும். வெண்மையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள பேக்கிங் வழியாகக் காற்று நுழையலாம். அந்த இணைப்பைச் சுற்றிச் சிறிது சோப்பு நீரைத் தடவுங்கள். அதை உள்ளே உறிஞ்சி எஞ்சினின் ஓசை மாறினால் ஓட்டை அங்கேதான். பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கலவை வெளுப்பதற்கு இக்காலத்தில் ஒரு புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து விற்பது 2023-ஆம் ஆண்டு முதல் படிப்படியாகப் பரவிவிட்டது. கரும்பு, நெல், மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து வடிக்கப்படும் எத்தனால் உழவருக்கும் பயன் தருவதுதான். அதைக் குறை கூறவில்லை. ஆனால் பெட்ரோல் எரிவதற்கு வேண்டிய காற்றைவிட எத்தனாலுக்குக் குறைந்த காற்றே போதும். புதிய வண்டிகள் இதைத் தாமே கணக்கிட்டுச் சரிசெய்துகொள்ளும். 1960-களின் கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. ஆகவே பழைய ஜெட்டின் வழியே வரும் கலவை சற்றுக் காற்று மிகுந்ததாகிறது, வண்டி இருமுகிறது. தேர்ந்த கையினர் ஜெட்டை ஓரளவு பெரிதாக்கி இதைச் சரிசெய்யலாம். மேலும், எத்தனால் நீரை ஈர்க்கும். பல வாரங்கள் ஓடாமல் நின்ற வண்டியின் தொட்டியில் நீர் அடியில் தங்கிவிடும். பழைய ரப்பர்க் குழாய்கள் ஊறி இளகும். அவற்றை அதற்கேற்ற புதுக் குழாய்களாக மாற்றிவிடுங்கள். ஒழுகும் குழாயும் வெடிக்கும் கார்புரேட்டரும் ஒரே இடத்தில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இனிச் சொல்லப்போகும் செய்தி காட்டும்.

என் தழும்பின் கதை இதுதான். எனக்கு அப்போது வயது பதினேழு. காலையில் வண்டி கிளம்பவில்லை. காற்று வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு புட்டியிலிருந்து பெட்ரோலைக் கார்புரேட்டரின் வாயில் ஊற்றினேன். எல்லாரும் அப்படித்தான் செய்து பார்த்திருந்தேன். உள்ளே இருந்தவர் எஞ்சினைச் சுற்றினார். ஒரு வெடி. கார்புரேட்டரிலிருந்து எழுந்த சுடர் புட்டியைப் பற்றிக்கொண்டது. கையை உதறினேன், உதறியதில் பெட்ரோல் பக்கத்திலிருந்த வைக்கோற்போரின் ஓரத்தில் சிந்தியது. வீட்டிலிருந்த அம்மையார் ஓடிவந்து மணலை அள்ளிப் போட்டிராவிட்டால் போர் மட்டுமா போயிருக்கும்? அதற்கு மூன்றடி தள்ளி மாட்டுக்கொட்டகை. இரண்டு கன்றுகள் உள்ளே கட்டிக் கிடந்தன. என் கை ஆற ஒரு மாதமாயிற்று. அந்த அம்மையாரின் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அவர் என்னை ஒரு சொல்லும் திட்டவில்லை. கன்றுகளை அவிழ்த்துக்கொண்டு போய்த் தூரத்தில் கட்டினார்.

அன்று அந்த வண்டிக்கு இருந்த நோய் என்ன தெரியுமா? முந்தின நாள் நானே ஒயர்களை மாற்றிப் பூட்டியிருந்தேன்.

ஆகையால் கேட்டுக்கொள்கிறேன்: புட்டியிலிருந்து பெட்ரோல் ஊற்றாதீர்கள். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றாதீர்கள். அது புழுதியை மட்டுமன்றிப் பின்னடிக்கும் சுடரையும் தடுக்கிறது. வைக்கோற்போர், கடலைக்கொடிப் போர், கீற்றுக்கொட்டகை இவற்றின் அருகில் வெடிக்கும் வண்டியை நிறுத்திச் சோதிக்காதீர்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். வாளி நிறைய உலர்ந்த மணலை அருகில் வைத்துக்கொண்டே மூடியைத் திறவுங்கள். பவுடர் தீயணைப்பான் இருந்தால் மிக நன்று.

இவ்வளவும் பார்த்தபிறகும் ஒரே சிலிண்டர் மட்டும் சைலன்சரில் வெடித்துக்கொண்டிருந்தால், வால்வைச் சந்தேகியுங்கள். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு முதல் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. மக்கள் நலத்துக்கு, முக்கியமாகக் குழந்தைகளின் மூளைக்கு, அது பெரிய நன்மை. ஆனால் சில பழைய எஞ்சின்களில் வெளிவால்வின் இருக்கைக்கு அந்த ஈயமே மெத்தைபோல இருந்தது. அது இல்லாதபோது இருக்கை தேய்ந்து, டாப்பெட் இடைவெளி குறைந்து, வால்வு முழுதும் மூடாமல் கருகிவிடும். டாப்பெட்டை அளவு பார்த்து வைத்துக்கொண்டால் இதை நெடுநாள் தள்ளிப்போடலாம். வால்வு கருகிய பின் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அது பட்டறை வேலை; வீட்டில் முயல வேண்டாம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல். பொது வண்டியோ சொந்த வண்டியோ, பழுதுபார்க்க விடும்போது, எந்த உறுப்பை மாற்றினார்கள், எதைச் சோதித்துப் பார்த்து மாற்றினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். கழற்றிய பழைய உறுப்பைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை; என் தொழில் நண்பர்கள் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். ஆனால் கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அவசரக்காரனும் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துவிட்டே கார்புரேட்டருக்குப் போவான்.

பொழுது சாய்ந்துவிட்டது. அதுவும் நல்லதற்கே. உயரழுத்த ஒயர்களில் எங்கேனும் வெடிப்பு இருந்தால், பகலில் தெரியாத பொறி இருட்டில் நீலமாக மின்னும். மரத்தடியில் நிற்கும் அந்த ஜீப்பின் சொந்தக்காரர் ஐயா இங்கேதான் இருக்கிறார், அனுமதியும் தந்திருக்கிறார். யாராவது ஒரு வாளி மணல் கொண்டுவாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து, எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்போம். வாருங்கள்.